பஞ்சகவ்யம் தெளித்த உளுந்து உயரமாக வளர்ந்தும் எங்கள் சோதனை செல்லாது என்றார்கள்: சோதனையின் நோக்கத்தையும் வடிவமைப்பையும் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, உசிலம்பட்டி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் அறிவியல் கண்காட்சிக்காக, பஞ்சகவ்யம் பயிரின் வளர்ச்சியைக் கூட்டுமா என்று பார்க்க விரும்பினார்கள். பிள்ளைகளில் இருவர் வீட்டில் மாடு இருந்ததால் பஞ்சகவ்யத்தை அவர்களே தயாரித்தார்கள். 20 தொட்டிகளில் உளுந்து விதைத்தோம். 10 தொட்டிகளுக்கு வாரம் ஒருமுறை 3 சதவீதக் கரைசலைத் தெளித்தோம். மற்ற 10 தொட்டிகளுக்கு எதையும் தெளிக்கவில்லை. 35ஆம் நாள் ஸ்கேலை வைத்து அளந்தபோது, தெளித்த தொட்டிகளின் சராசரி உயரம் 31 சென்டிமீட்டர், தெளிக்காதவை 26 சென்டிமீட்டர். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு அட்டையில் வரைபடம் வரைந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே நடுவராக வந்திருந்த பெரியவர் மூன்றே கேள்விகள் கேட்டார். "இந்தச் சோதனையின் நோக்கம் என்ன?" என்றார். எங்கள் மாணவி, "பஞ்சகவ்யம் நல்லது என்று நிரூபிப்பது" என்றாள். "அது நீ முன்பே எடுத்த முடிவு, நோக்கம் எங்கே?" என்றார். அடுத்து, தொட்டிகள் எங்கே இருந்தன என்றார். தெளிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பத்துத் தொட்டிகளைக் குழாயடியில் வேப்பமரத்துப் பக்கமும், மற்றவற்றைக் கொடிக்கம்பத்துப் பக்கமும் வைத்திருந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். கடைசியாக, "பஞ்சகவ்யத்தால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உன் தொட்டிகளில் என்ன தெரிந்திருக்கும்?" என்றார். அவளுக்கு விடை தெரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நோக்கம், கருதுகோள், செய்முறை, முடிவு என்று பாடநூலில் இருக்கும் தலைப்புகளை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வரிசைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை நானே சரியாக யோசித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதே சோதனையைப் பிள்ளைகள் மறுபடி செய்ய விரும்புகிறார்கள். 24 வளர்ப்புப் பைகள், ஒரு சமையலறை மின்னணுத் தராசு, இரண்டு கைத்தெளிப்பான்கள், எட்டு வாரம் அவகாசம்: எங்களிடம் இருப்பது இவ்வளவே. எப்படித் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், ஒத்தக்கடை

அம்மா, அந்த நடுவர் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். பரிசு கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கேள்விகள் கிடைத்திருக்காது.

அவருடைய மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் நோக்கம் என்பது அதற்குள்தான் இருக்கிறது. எந்த விடை வந்தாலும் "பஞ்சகவ்யம் நல்லது" என்று சொல்லிவிட முடிகிற ஏற்பாடு சோதனை ஆகாது. "3 சதவீதப் பஞ்சகவ்யத்தை வாரம் ஒருமுறை இலையில் தெளித்தால், அதே அளவு வெறும் தண்ணீர் தெளித்த செடியைவிட 45ஆம் நாளில் உளுந்துச் செடியின் உலர் எடை கூடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் எதைத் தெளிக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எப்போது, எதை அளக்கிறோம் என்பதெல்லாம் வந்துவிடுகின்றன. விடை "கூடவில்லை" என்றும் வரலாம். அப்படி வர இடம் விட்டிருப்பதால்தான் இதை நோக்கம் என்கிறோம்.

வெறும் தண்ணீரை ஏன் தெளிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் செய்ததில் ஒரு பக்கத்துக்குப் பஞ்சகவ்யமும் கிடைத்தது, இலையில் ஈரமும் கிடைத்தது, வாரம் ஒருமுறை ஒரு பிள்ளை குனிந்து பார்த்துப் பூச்சியைத் தட்டிவிடும் கவனிப்பும் கிடைத்தது. மறுபக்கத்துக்கு இவற்றில் எதுவுமே கிடைக்கவில்லை. வித்தியாசத்தை எதன் கணக்கில் எழுதுவீர்கள்?

அதைவிடப் பெரிய கோளாறு வேப்பமரம். நிழலில் இருக்கும் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். கணு இடைவெளி கூடி, மெலிந்து, உயரமாக நிற்கும். உளுந்துக்கு அது வளர்ச்சி அல்ல, தவிப்பு. உங்கள் 5 சென்டிமீட்டர் வித்தியாசம் முழுவதும் வேப்பமரத்தின் கைங்கரியமாக இருக்கக்கூடும். இல்லை, பஞ்சகவ்யத்தின் வேலையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல உங்கள் ஏற்பாட்டில் வழியில்லை. நடுவர் செல்லாது என்றதற்குக் காரணம் அதுதான். உயரத்தை மட்டும் அளந்ததும் இதனால்தான் ஆபத்தானது. செடியை வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்து, தனித்தனியே எடை போடுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. உசிலம்பட்டியில் தெரிந்த நகைக்கடைக்காரர் யாரையாவது கேட்டால் ஒரு மணி நேரம் தராசைத் தராமலா போய்விடுவார்?

இனி தொட்டிகளை வைக்கும் முறை. நம் ஊரில் தலைமடை, கடைமடை என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தலைமடை வயலுக்கு ஒரு விதையையும் கடைமடை வயலுக்கு வேறொரு விதையையும் போட்டுவிட்டு, தலைமடை விதைதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் ஊர் சிரிக்கும். ஒவ்வொரு மடையிலும் இரண்டு விதையையும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும். அப்போது தலைமடைக்குள் தலைமடையும் கடைமடைக்குள் கடைமடையும் ஒப்பிடப்படும். உங்கள் முற்றத்தில் நிழல், குழாய், சுவரின் வெக்கை எல்லாம்தான் மடைகள். சுவரிலிருந்து விலகிப் போகப் போக ஒரு வரிசை என்று வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு வகையும் இருக்கும்படி செய்யுங்கள்.

வரிசைக்குள் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதை யாரும் மனத்தால் முடிவு செய்யக் கூடாது. தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்குவோம் அல்லவா, அதில் ஒன்றே ஒன்று போதும். வெள்ளை விழுந்தால் இடப்பக்கத் தொட்டிக்குப் பஞ்சகவ்யம், கறுப்பு விழுந்தால் வலப்பக்கத்துக்கு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், பல ஆண்டு வயல் கணக்குகளைப் புரட்டிப் பார்த்த பிறகு, வயலைப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொரு பட்டைக்குள்ளும் சீட்டுக் குலுக்கி உரத்தை ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நாங்கள் பணியில் இருந்தபோது போட்ட ஆய்வுத் திடல்களும் அந்த வழியில் வந்தவைதான்.

ஒரு யோசனை: மூன்றாவதாக ஒரு வகையும் சேர்க்கலாம். பஞ்சகவ்யத்தைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளியுங்கள். நுண்ணுயிர்கள் செத்துப்போகும், சத்துகள் இருக்கும். பலன் நுண்ணுயிரால் வருகிறதா, சத்தால் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

பதில் 2: வேதியியல் விரிவுரையாளர், மதுரை

ஐயா சொன்னவற்றில் கடைசிப் பத்தி தவிர மற்றதெல்லாம் எனக்கு உடன்பாடு. பஞ்சகவ்யத்தில் சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், பூவன்பழமும் சேர்ந்து ஒரு மாதம் புளிக்கிறது. அதைக் கொதிக்கவைத்தால் நுண்ணுயிர் மட்டும் போகாது. கோமியத்திலிருந்து வந்த அம்மோனியா ஆவியாகிப் போகும். அதாவது தழைச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். வெப்பம் தாங்காத வளர்ச்சி ஊக்கிகள் இருந்தால் அவையும் சிதையும். தண்ணீர் வற்றிக் கரைசல் கெட்டியாகும். ஒன்றை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்கை மாற்றியிருப்போம். பிள்ளைகள் "நுண்ணுயிர்தான் காரணம்" என்று எழுதுவார்கள். அடுத்த நடுவர் அதையும் தட்டிவிடுவார்.

நோக்கம் குறுகலாக இருந்தால் சிறந்த அளவீடும் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கு உங்கள் வகுப்பில் சொல்லத்தக்க பழைய கதை ஒன்று உண்டு. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட், உலர்த்திய மண் 200 பவுண்டை, அதாவது சுமார் 90 கிலோவை, ஒரு தொட்டியில் நிரப்பி 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் மழைநீரோ வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் தொட்டியின் வாயைத் துளையிட்ட தகட்டால் மூடியும் வைத்தார். முடிவில் மரம் 169 பவுண்டுக்கு மேல் இருந்தது; மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், நம் கணக்கில் 60 கிராமுக்கும் குறைவு. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் எழுதினார். அவர் இறந்த பிறகு 1648இல் அது அச்சானது.

இந்தச் சோதனையில் எதைக் குறை சொல்ல முடியும்? மண்ணிலிருந்து மரம் உண்டாகவில்லை என்ற பகுதி இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் மண் இல்லையென்றால் தண்ணீர் என்று இரண்டே வாசல்களை வைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்டார்; காற்று என்ற மூன்றாவது வாசலை அவர் யோசிக்கவில்லை. 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரே அவர்தான் என்பதும், மரக்கரி எரியும்போது வெளிப்படும் வாயுவைப் பற்றி எழுதியவர் என்பதும் இதில் வேடிக்கை. ஒரு சோதனை எதை மறுக்கிறது, எதைத் தொடவே இல்லை என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டீச்சர், கதையைச் சொல்லிவிட்டு "அவர் எதை மாற்றாமல் விட்டார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள்.

பதில் 3: மல்லிகை விவசாயி, திருமங்கலம் பக்கம்

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆனாலும் இந்தப் பேச்சில் சொல்வதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கவாத்து முடிந்த கையோடு, என் 60 சென்ட் மல்லிகையில் கிணற்றுப் பக்கத்துப் பாதிக்கு ஒரு புது ஊட்டக் கரைசலை ஊற்றினேன். மறுபாதியைப் பழையபடி விட்டேன். பூ எடுக்கத் தொடங்கியதும் கிணற்றுப் பக்கம் தினமும் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ கூடுதலாக வந்தது. கரைசல் விற்றவர் என் வீட்டுக்கே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சுற்று வட்டாரத்தில் என் பேச்சை நம்பி நாலு பேர் வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு என் மகள், கல்லூரியில் படிப்பவள், "அப்பா, இந்த முறை மறுபாதிக்கு ஊற்றுங்கள்" என்றாள். ஊற்றினேன். அப்போதும் கிணற்றுப் பக்கம்தான் கூடுதலாகப் பூத்தது. யோசித்துப் பார்த்தால், என் தகப்பனார் காலத்தில் கண்மாய் வண்டல் அடித்தது அந்தப் பாதிக்கு மட்டும். நான் அந்த வண்டலுக்குக் கிடைக்க வேண்டிய பேரைக் கரைசலுக்குக் கொடுத்திருக்கிறேன். என்னை நம்பி வாங்கியவர்களில் ஒருவர் இன்றும் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மொட்டு எடுப்பது விடியலுக்கு முன்னே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. எங்களிடம் வரும் இரண்டு அம்மாக்களில் ஒருவர் கை படு வேகம். அவர் எடுத்த செடியில் ஒரு மொட்டு தங்காது. மற்றவருக்கு வயதாகிவிட்டது, உட்செடியில் இருப்பதை விட்டுவிடுவார். வழக்கமாகக் கிணற்றுப் பக்கம் எடுப்பவர் கை வேகமானவர். ஆக நான் நிறுத்த எடையில் கரைசலும் இருந்தது, வண்டலும் இருந்தது, அந்த அம்மாவின் விரலும் இருந்தது. இப்போது எதையாவது சோதிப்பதானால் நிரை விட்டு நிரை ஊற்றுகிறேன்; எடுப்பவர்களையும் நாள் மாற்றி நாள் இடம் மாற்றுகிறேன். மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வண்டி போகிற அவசரத்தில் இரண்டு கூடையைத் தனித்தனியாக நிறுப்பது பெரிய தொல்லை. ஆனால் நிறுக்காமல் சொன்ன சொல்லால் பட்டது போதும்.

டீச்சர், பள்ளிக்கூடத்துத் தொட்டியில் கிடைத்தது அப்படியே வயலில் கிடைக்கும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி: அறிவியல் ஆசிரியை

ஐயா, அண்ணன், விரிவுரையாளர், மூவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் வான் ஹெல்மாண்ட் கதையைச் சொன்னேன். "மூடி வைத்தார், ஆனால் காற்று போய்வர ஓட்டை வைத்தார்" என்று பின் வரிசைப் பையன் ஒருவன் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஆனால் புளியங்கொட்டை பற்றி அந்த மாணவியே ஒரு கேள்வி கேட்டாள். "நாமே பார்த்துச் சமமான செடிகளாகப் பிரித்துவிட்டால் போதாதா, கொட்டையிடம் ஏன் கேட்க வேண்டும்?" என்கிறாள். எனக்கு அவள் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. இரண்டாவது, பஞ்சகவ்யத்தின் வாடை பத்தடி தள்ளியே தெரியும். எந்தத் தொட்டிக்கு எது என்று அளக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே, அதனால் கெடுதி உண்டா? கடைசியாக, 24 பைகள் போதுமா?

பதில் 4: கண் மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர், மதுரை

டீச்சர், உங்கள் மாணவியின் கேள்வியை மருத்துவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை சொல்வதற்கு 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வைக் காட்டுவது வழக்கம். காசநோயாளிகள் 107 பேரில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது முன்பே எண் குலுக்கி எழுதி, ஒட்டிய உறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகே உறை பிரிக்கப்பட்டது. மருத்துவர் கெட்டவர் என்பதால் அல்ல. பிழைப்பார் என்று தோன்றுகிறவரை அறியாமலே மருந்துப் பக்கம் தள்ளிவிடும் கை எல்லோருக்கும் இருக்கிறது. உங்கள் மாணவிக்கும் பஞ்சகவ்யம் வெல்ல வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. "சமமாக" பிரிக்கும்போது இலை கொஞ்சம் பச்சையாக இருக்கிற செடி எந்தப் பக்கம் போகும் என்று அவளையே கேளுங்கள். அதோடு, கண்ணுக்குத் தெரிகிற உயரத்தையும் இலையையும்தான் அவளால் சமப்படுத்த முடியும். மண்ணுக்குள் இருக்கும் வேரை அவள் பார்க்கவில்லை. கொட்டையும் பார்க்கவில்லை, ஆனால் அதற்கு ஆசை கிடையாது.

வாடை பற்றி: அதே ஆய்வில் மார்பு எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று சொல்லப்படவில்லை. ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மரணத்தை எண்ணுவதற்கு மறைப்பு வேண்டியதில்லை. "நிழல் குறைந்திருக்கிறது" என்று படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு வேண்டும். தெளிப்பவருக்குத் தெரிவதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் எடை போடுபவர் வேறு பிள்ளையாக இருக்கலாம். காய்ந்த செடிகளைத் தாள் பையில் போட்டு எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். எண்ணுக்குரிய விவரம் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். எடை முழுவதும் எழுதி முடிந்த பிறகு எடுங்கள்.

வெறும் தண்ணீர் தெளிப்பதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய வைட்டமின் ஏ ஆய்வு 1990இல் வெளியானது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மற்றப் பகுதிக் குழந்தைகளுக்கும் வாரந்தோறும் வீட்டுக்குப் போய், வைட்டமின் ஏ இல்லாத திரவத்தைக் கொடுத்தார்கள். ஆகையால் வாரம் ஒருமுறை ஆள் வந்து பார்ப்பதும் நோய் விசாரிப்பதும் இரு பக்கமும் ஒன்றே. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வேலையை ஒரு பக்கம் மட்டும் செய்திருந்தால் அந்த எண்ணை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நோக்கத்தைக் கூர்மையாக்குவது என்றால் என்ன என்று காட்ட, எனக்கு மிகப் பிடித்தது சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தின் முதல் ஆய்வு. "மருந்து நோயைக் குணமாக்குமா?" என்று அவர்கள் கேட்கவில்லை, அது தெரிந்திருந்தது. அதே மருந்துகளை வீட்டில் வைத்துக் கொடுத்தால் போதுமா, சானட்டோரியம் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டுமா என்று கேட்டார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ நெருக்கடி, அரைவயிற்றுச் சாப்பாடு. ஆண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குணமடைந்திருந்தார்கள். 1959இல் அது வெளியானபின் உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுப்பது வழக்கத்துக்கு வந்தது. "வித்தியாசம் இல்லை" என்ற விடை எவ்வளவு பெரிய விடையாக இருக்க முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அப்படி வரலாம். வந்தால் அழ வேண்டாம்.

எதிர்பார்ப்புக்கு மாறாகவும் வரும். வயலில் வேலை செய்பவர்களுக்கு நெல் தூசியோ குச்சியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் அதிகம். அதற்குப் பழைய மருந்தான நேட்டமைசினையும் புதிதாக வந்த வோரிகோனசோலையும் ஒப்பிட்டு அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. புதியதுதான் ஜெயிக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். பழைய மருந்து போட்டவர்களுக்கே பார்வை நன்றாகத் திரும்பியது. மூன்றாம் மாதப் பார்வையைத்தான் முக்கியமாக எண்ணுவோம் என்று முன்பே எழுதி வைத்துவிட்டதால், பிறகு வேறு அளவைத் தேடிப் பிடிக்க யாருக்கும் வழியில்லை. நீங்களும் உலர் எடை என்றால் உலர் எடை என்று விதைப்பதற்கு முன்பே நோட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். உயரம், இலை எண்ணிக்கை, பூத்த நாள் என்று ஏழெட்டை அளந்துவிட்டு வென்றதை மட்டும் அட்டையில் ஒட்டுவது நம் கண்காட்சிகளில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம்.

பதில் 5: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், ஒத்தக்கடை

கொதிக்கவைக்கும் யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; விரிவுரையாளர் சொன்னது சரி. அந்த மூன்றாம் வகையை விட்டுவிட்டதால் 24 பைகளும் இரண்டு வகைக்கே கிடைக்கின்றன. வரிசைக்கு இரண்டாக 12 வரிசை.

இது போதுமா என்பதற்குப் பிள்ளைகளே விடை கண்டுபிடிக்கலாம். பஞ்சகவ்யத்தால் ஒன்றுமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வரிசையில் எது எடை கூடும் என்பது காசு சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போன்றது. 12 காசுகளைக் குலுக்கிப் போட்டால் விழக்கூடிய வகைகள் 4,096. அவற்றில் 10 அல்லது அதற்கு மேல் தலை விழுவது 79 வகைகளில் மட்டுமே. நூற்றுக்கு இரண்டு என்று சொல்லலாம். 9 அல்லது அதற்கு மேல் என்றால் 299 வகைகள், நூற்றுக்கு ஏழு. ஆகவே "12 வரிசையில் குறைந்தது 10இல் பஞ்சகவ்யச் செடி எடை கூடியிருந்தால் அது தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்வோம்" என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள். கணக்கை நம்பாத பிள்ளை இருந்தால் நல்லது. ஒரு ரூபாய்க் காசுகள் 12ஐக் கொடுத்து நூறு தடவை குலுக்கி எண்ணச் சொல்லுங்கள். ஐந்தே வரிசை வைத்திருந்தால், ஐந்திலும் வென்றால்கூட 32இல் ஒன்று. ஒரே ஒரு வரிசை தவறினாலும் பேச்சுக்கு இடமில்லாமல் போகும். எண்ணிக்கை ஏன் வேண்டும் என்பது அப்போது புரியும். ஒரு செடியைப் பத்துத் தடவை அளப்பது பத்துச் செடிக்கு ஈடாகாது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். அது ஒரே செடிதான்.

செம்மண்ணையும் தொழுவுரத்தையும் ஒரே குவியலாகக் கொட்டி, மூன்று தடவை புரட்டிப் போட்ட பிறகு பைகளை நிரப்புங்கள். தண்ணீர் ஒரே டம்ளரால் அளந்து ஊற்றட்டும். கைத்தெளிப்பான் இரண்டு இருப்பதால் ஒன்று பஞ்சகவ்யத்துக்கு, ஒன்று தண்ணீருக்கு என்று பெயர் எழுதி வையுங்கள். முதலில் இரண்டிலும் தண்ணீரை ஊற்றி, ஒரே எண்ணிக்கை அழுத்தத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றின் மூக்கு கொஞ்சம் அடைத்திருந்தால் அதுவும் ஒரு வண்டல்தான், நம் மல்லிகைக்காரர் பாஷையில் சொன்னால். தெளிக்கும்போது நடுவில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தொட்டிக்குச் சாரல் போகக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் முறை தவறிவிடாதீர்கள். முளைப்பு தவறலாம் என்பதால் பைக்கு மூன்று விதை ஊன்றுவீர்கள். பத்தாம் நாள் வாக்கில் நல்ல செடி ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் பிடுங்குவீர்கள். பிடுங்கும்போது எந்தப் பைக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், எதை விடுவது எதைப் பிடுங்குவது என்பதில் அந்த ஆசை புகுந்துவிடும். ஆகவே முதலில் 24 பையிலும் வேண்டாத செடிகளைப் பிடுங்கி முடியுங்கள். பைகளை வரிசையில் அடுக்குங்கள். அதன் பிறகு புளியங்கொட்டையைக் கையில் எடுங்கள். முதல் தெளிப்பு மறுநாள் காலையில் இருக்கட்டும்.